குணமாகிவிட்டது என்று யார் சொல்வது?

2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத் துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. போர்க்கள அதிர்ச்சியால் மனநோய்க்கு ஆளாகி, முழு இயலாமைக்கான இழப்பீடு பெற்றுவந்த 72,000 பேரின் கோப்புகளை மறுபடி திறந்து பார்க்கப்போவதாக அது சொன்னது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2,100 கோப்புகளைச் சோதித்த தலைமை ஆய்வாளர் அலுவலகம், அவற்றில் பலவற்றில் போதிய ஆவணங்கள் இல்லை என்று அறிக்கை கொடுத்திருந்தது. முப்பது ஆண்டுகளாக வியட்நாமின் காடுகளைக் கனவில் கண்டு விழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, தங்கள் நோய் உண்மைதான் என்று மறுபடியும் மெய்ப்பிக்க வேண்டிய நிலை வந்தது. படைவீரர் சங்கங்கள் கொந்தளித்தன. நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேள்வி கேட்டார்கள். நவம்பர் 10 அன்று, படைவீரர் நாளுக்கு முந்தைய தினம், துறையின் செயலர் ஜிம் நிக்கல்சன் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். 2,100 கோப்புகளையும் மீண்டும் பார்த்ததில், குறை அலுவலகத்தின் ஆவணப் பராமரிப்பில்தான் இருந்தது என்றும் வீரர்கள் ஏமாற்றியதாகத் தெரியவில்லை என்றும் துறையே ஒப்புக்கொண்டது.

72,000 பேருக்கு ஒன்றாக வந்த அச்சம் அன்று ஒன்றாக விலகியது. ஆனால், தனித்தனி வீடுகளுக்குத் தனித்தனிக் கடிதமாக அது இன்றும் போய்க்கொண்டிருக்கிறது. ‘உங்கள் மனநலக் குறைபாட்டில் முன்னேற்றம் தெரிகிறது, எனவே உங்கள் இயலாமை விழுக்காட்டைக் குறைக்க உத்தேசித்துள்ளோம்’ என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். நோயாளிக்கு முன்னேற்றம் என்றால் வீடே மகிழ வேண்டும். இந்தக் கடிதம் வந்த வீட்டில் மட்டும் அன்றிரவு யாரும் தூங்குவதில்லை.

ஏன் என்று புரிய, கணக்கைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் படைப்பணியால் வந்த மனநோய்க்கு 0, 10, 30, 50, 70, 100 என்ற ஆறு படிகளில் விழுக்காடு தரப்படுகிறது. இடையில் வேறு படிகள் கிடையாது. 2025ஆம் ஆண்டு விகிதப்படி, குடும்பச் சுமையில்லாத தனி நபருக்கு 100 விழுக்காட்டில் மாதம் 3,831 டாலர் கிடைக்கும். 70 விழுக்காடு என்றால் 1,759 டாலர். 50 என்றால் 1,102. 30 என்றால் 537. அதாவது, 100இலிருந்து ஒரு படி இறங்கினாலே மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போய்விடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 டாலர். போவது பணம் மட்டுமல்ல. நிரந்தர முழு இயலாமை என்று முடிவு செய்யப்பட்டவரின் மனைவி, பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மருத்துவக் காப்பீடும் கல்வி உதவியும் அந்த முடிவோடு கட்டுண்டவை. வேலை செய்ய இயலாதவர் என்ற அடிப்படையில் 100 விழுக்காட்டுக்குரிய தொகையைப் பெறும் தனிச் சலுகைக்கு, ஒரே ஒரு குறைபாடு உள்ளவருக்கு அது 60 விழுக்காடாவது இருக்க வேண்டும். 70இலிருந்து 50க்கு இறக்கப்பட்டவருக்கு அந்த வாசலும் அடைபடும்.

ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே உள்ள கோடு எத்தனை மெல்லியது என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. வேலையிடத்திலும் வெளியிலும் நல்லுறவைப் பேணுவதில் சிரமம் என்றால் 50 விழுக்காடு. பேணவே இயலவில்லை என்றால் 70. சிரமம் எங்கே முடிகிறது, இயலாமை எங்கே தொடங்குகிறது? மனைவியோடு மாதத்தில் பத்து நாள் பேசுகிறவர் எந்தப் பக்கம்? வேலைக்குப் போய் மூன்றே வாரத்தில் மேலாளரோடு கைகலந்துவிட்டு வந்தவர் எந்தப் பக்கம்? முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது என்பதை அளக்க மருத்துவரிடம் கருவி இருக்கிறது. இதை அளக்க ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் பேசித்தான் ஆக வேண்டும். அந்தப் பேச்சு நடக்கும் நாள், நேரம், பேசுகிறவரின் பொறுமை எல்லாம் முடிவில் கலந்துவிடுகின்றன.

அமெரிக்கா இந்த நோயை ஏற்றுக்கொள்வதற்கே நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. உள்நாட்டுப் போரில் நெஞ்சு படபடத்த வீரர்களுக்கு இதய நோய் என்றார்கள். முதல் உலகப் போரில் ‘ஷெல் ஷாக்’ என்றார்கள். கோழைத்தனம் என்றும் சொன்னார்கள். வியட்நாமிலிருந்து திரும்பியவர்களும் அவர்களோடு நின்ற மனநல மருத்துவர்களும் விடாமல் போராடியதால்தான், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் ‘பிடிஎஸ்டி’ என்ற பெயரோடு அது இடம்பிடித்தது. இருக்கிறது என்று ஏற்கவைக்க ஒரு தலைமுறை பாடுபட்டது. இன்னும் தீரவில்லை என்று காட்ட அடுத்த தலைமுறை பாடுபடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த விஷயத்தில் அமெரிக்கச் சட்டம் கல்நெஞ்சத்தோடு எழுதப்படவில்லை. அதைப் படிக்கிறவர்களுக்கு வியப்பே மிஞ்சும். மனநோயின் தன்மையை அறிந்தவர்கள் உட்கார்ந்து எழுதிய விதிகள் அவை.

ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஒரே நிலையில் இருந்துவரும் விழுக்காட்டுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. மனநோய், வலிப்பு, ஆஸ்துமா போல் ஏறியும் இறங்கியும் வரும் நோய்களை விதி பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இத்தகைய நோய்களில் ஒரே ஒரு பரிசோதனையை வைத்து விழுக்காட்டைக் குறைக்கக் கூடாது. நிலைத்த முன்னேற்றம் இருப்பதைக் கோப்பிலுள்ள எல்லாச் சான்றுகளும் தெளிவாகக் காட்டினால் மட்டுமே அதற்கு விலக்கு. முன்னேற்றம் தெரிந்தாலும், அன்றாட வாழ்க்கையின் இயல்பான நெருக்கடிகளுக்கு நடுவிலும் அது நீடிக்கும் என்பது ஓரளவு உறுதியாக வேண்டும். விழுக்காட்டைக் கொடுத்தபோது நடந்த பரிசோதனையைவிட மேலோட்டமான ஒரு பரிசோதனையை வைத்து அதைப் பறிக்கக் கூடாது. இருபது ஆண்டுகள் தொடர்ந்து இருந்துவிட்ட விழுக்காட்டை, மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, தொடவே முடியாது.

100 விழுக்காட்டுக்கான விதி இன்னும் ஆழமானது. ஒருவர் தேறியிருக்கிறார் என்றால், எப்படித் தேறினார் என்று கேட்கச் சொல்கிறது. வேலை பார்த்துக்கொண்டோ வேலை தேடிக்கொண்டோ தேறினாரா? அல்லது எந்த வேலைக்கும் போகாமல், ஆள் நடமாட்டத்துக்கு அப்பால், ஓய்வில் இருந்ததால் அடங்கியிருக்கிறாரா? ஓய்வினால்தான் என்றால், அவர் மூன்று முதல் ஆறு மாதம் வேலை பார்த்த பிறகு மறுபடி பரிசோதித்துப் பார்க்கும்வரை குறைப்பைப் பற்றிய பேச்சே எழக் கூடாது. கூட்டத்தைத் தவிர்த்து, கடைக்கு இரவில் போய், தொலைபேசியை அணைத்துவைத்து வாழும் மனிதரின் அமைதியை ஆரோக்கியம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அரசும் எழுதிவைத்திருக்குமா என்பது ஐயமே.

மனநோய்க்கான பிரிவில் இன்னொரு வரியும் இருக்கிறது. பரிசோதனை நடந்த அந்தக் கணத்தில் மருத்துவர் கண்டதை மட்டும் வைத்து மதிப்பிடக் கூடாது. அறிகுறிகள் எத்தனை முறை வருகின்றன, எவ்வளவு கடுமையாக வருகின்றன, எத்தனை நாள் நீடிக்கின்றன, இடையில் எவ்வளவு காலம் தணிந்திருக்கின்றன என்று முழுக் கோப்பையும் பார்க்க வேண்டும். வேறொரு மருத்துவர் வேறு சொற்களில் எழுதியிருப்பதாலேயே நோய் குறைந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது என்பதும் விதிதான். ஐந்தாண்டு நிறையாத விழுக்காடுகளுக்கு இந்தப் பாதுகாப்புகளில் சில கிடையாது. ஆனாலும், குறைப்பு எதுவாக இருந்தாலும், வாழ்க்கையிலும் வேலையிலும் இயங்கும் ஆற்றல் உண்மையாகவே கூடியிருக்கிறது என்பது காட்டப்பட வேண்டும் என்று 1993இல் ‘பிரவுன் எதிர் பிரவுன்’ வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. காட்ட வேண்டிய பொறுப்பு அரசுடையது. விதிகளை மீறிச் செய்த குறைப்பு தொடக்கம் முதலே செல்லாது; பழைய விழுக்காடு அப்படியே திரும்ப வேண்டும்.

இவ்வளவு இருந்தும் ஏன் மேல்முறையீடுகள் வந்துகொண்டே இருக்கின்றன?

பரிசோதனை அறைக்குள் நடப்பதே காரணம். மறுபரிசோதனைகளில் பெரும்பகுதியை இன்று துறையின் சொந்த மருத்துவர்கள் செய்வதில்லை. ஒப்பந்த நிறுவனங்கள் அமர்த்தும் மருத்துவர்கள் செய்கிறார்கள். வீரரை அவர்கள் முன்பு பார்த்ததில்லை, பின்னும் பார்க்கப்போவதில்லை. கையில் ஒரு படிவம், அதில் அறிகுறிகளின் பட்டியல், எதிரே கட்டங்கள். பட்டியலில் உள்ளவை வெறும் எடுத்துக்காட்டுகள், அவை எல்லாம் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை என்று 2002இலேயே நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. ஆனாலும், கட்டங்கள் குறைந்தால் விழுக்காடு குறைகிறது.

எதிரே உட்கார்ந்திருப்பவரோ படையில் பழகியவர். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, முகம் மழித்துக்கொண்டு, பத்து நிமிடம் முன்னதாக வந்துவிடுவார். எப்படி இருக்கிறீர்கள் என்றால் ‘நன்றாக இருக்கிறேன்’ என்பார். வலியைச் சொல்வது கோழைத்தனம் என்று பதினெட்டு வயதிலேயே கற்றுக்கொடுக்கப்பட்ட ஒருவர் வேறு என்ன சொல்வார்? ‘தூய்மையாக உடுத்தியுள்ளார், கண்ணைப் பார்த்துப் பேசுகிறார், தற்கொலை எண்ணம் இல்லை என்கிறார்’ என்று அறிக்கை எழுதப்படுகிறது. முந்தைய வாரம் முழுதும் அவர் குளிக்காமல் கிடந்தது அதில் வராது. மகளின் பள்ளி விழாவில் பாதியில் எழுந்து ஓடியது வராது. அதையெல்லாம் அறிந்தவர் மனைவி. அவர் அந்த அறையில் இல்லை.

இதனால்தான், இந்த வேலையில் அனுபவம் உள்ள சங்கப் பிரதிநிதிகள் வீரர்களிடம் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்கிறார்கள்: உங்கள் மிக மோசமான நாள்களைப் பற்றிச் சொல்லுங்கள். பொய் சொல்லச் சொல்வதல்ல அது. நல்ல நாளில் மட்டுமே வீட்டைவிட்டு வெளியே வர முடிகிற ஒருவரை, வெளியே வந்த நாளில் மட்டும் பார்த்து மதிப்பிடுவதால் விளையும் கோணலை நேராக்கும் வழி அது.

அறுபது நாளும் ஓராண்டும்

உத்தேசக் கடிதம் வந்ததும் இரண்டு கடிகாரங்கள் ஓடத் தொடங்குகின்றன. குறைப்பு ஏன் கூடாது என்பதற்கான சான்றுகளை அனுப்ப 60 நாள். நேரில் விளக்க ஒரு விசாரணை வேண்டும் என்று கேட்க 30 நாள். இரண்டாவதைப் பலரும் கவனிப்பதில்லை. அந்த 30 நாளுக்குள் விசாரணை கேட்டுவிட்டால், இறுதி முடிவு வரும்வரை பழைய தொகையை நிறுத்த முடியாது. கேட்காமல் விட்டால், முடிவுக் கடிதம் வந்த தேதியிலிருந்து 60 நாள் கழித்து, அந்த மாத இறுதியோடு தொகை குறைந்துவிடும்.

சான்று என்றால் என்ன? சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் விரிவான கடிதம் முதலில். ‘நோயாளி இன்னும் சிகிச்சையில் உள்ளார்’ என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் பயனில்லை. பழைய பரிசோதனையில் இருந்த எந்த அறிகுறி இன்னும் நீடிக்கிறது, எது எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, வேலைக்குப் போனால் என்ன ஆகும் என்று எழுதப்பட்ட கடிதம் வேண்டும். அடுத்தது, கூட வாழ்கிறவர்களின் வாக்குமூலம். மனைவி, அண்ணன், பழைய படைத்தோழர், வேலையிலிருந்து நீக்கிய முதலாளிகூட எழுதலாம். மருத்துவப் பட்டம் இல்லாதவரின் சொல் என்று அதைத் தள்ளிவிட முடியாது. கண்ணால் கண்டதைச் சொல்ல யாருக்கும் தகுதி உண்டு என்பதைச் சட்டம் ஏற்கிறது. வேலை மாறிய வரலாறு, விடுப்புப் பதிவு, மருந்தின் அளவு கூட்டப்பட்ட சீட்டு, அவசர சிகிச்சைப் பதிவு ஆகியவையும் பேசும். குறைப்புக்கு அடிப்படையான பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, பழைய அறிக்கையின் பக்கத்தில் வைத்துப் படிப்பது எல்லாவற்றிலும் முக்கியம். எத்தனையோ குறைப்புகளின் பலவீனம் அந்த ஒப்பீட்டிலேயே வெளிப்பட்டுவிடும்.

முடிவு பாதகமாக வந்தால் ஓராண்டுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் மூன்று வழிகளைத் தருகிறது. புதிய சான்று இருந்தால் அதைச் சேர்த்துத் துணைக் கோரிக்கை. புதிய சான்று இல்லாமல், இருக்கும் கோப்பையே மூத்த அதிகாரி ஒருவர் புதிதாகப் பார்க்கும் மறுஆய்வு. வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு வாரியத்தின் நீதிபதியிடம் நேரடி முறையீடு. வாரியத்திலும் தோற்றால் 120 நாளுக்குள் நீதிமன்றம். எந்த வழி சிறந்தது என்பதற்குப் பொது விடை கிடையாது. விதி மீறப்பட்டது கோப்பிலேயே அப்பட்டமாகத் தெரிந்தால் மூத்த அதிகாரியின் மறுஆய்வு விரைவானது. மருத்துவரின் புதிய கடிதம் கிடைத்திருந்தால் துணைக் கோரிக்கை. வாரியத்தில் விசாரணை கேட்டுக் காத்திருந்தால் ஆண்டுகள் ஓடும்.

படைவீரர் முறையீடுகளுக்கான இந்தத் தனி நீதிமன்றமே 1988இல்தான் வந்தது என்பதை இங்கே நினைக்க வேண்டும். அதற்கு முன்பு, படைவீரரின் இழப்பீட்டைத் துறை மறுத்தால், அந்த முடிவைக் கேள்வி கேட்க அமெரிக்காவில் நீதிமன்றம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவும் ஏறக்குறைய முடியாது. 10 டாலருக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்று உள்நாட்டுப் போர்க் காலத்தில் எழுதிய சட்டம் நூறாண்டு தாண்டியும் உயிரோடு இருந்தது. வீரர்களைக் கொள்ளையடிக்கும் தரகர்களிடமிருந்து காப்பதற்காக வந்த சட்டம், கடைசியில் அவர்களுக்கு வாதாட ஆளில்லாமல் செய்தது. 1985இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. மூன்றாண்டு கழித்து நாடாளுமன்றம் அதை மாற்றியது. இன்று வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கன் லீஜன், மாற்றுத்திறன் படைவீரர் சங்கம் போன்றவற்றின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் கட்டணமே இல்லாமல் உதவுகிறார்கள். இவர்களுக்கு நடுவே, எந்த அங்கீகாரமும் இல்லாமல் ஆயிரக்கணக்கில் பணம் பிடுங்கும் ‘ஆலோசனை’ நிறுவனங்களும் பெருகியிருக்கின்றன. அச்சத்தில் இருப்பவரிடம் கறப்பது எளிது.

மேல்முறையீட்டில் வென்றால் குறைத்த நாளிலிருந்து நிலுவை முழுதும் கிடைக்கும். சட்டத்தில் கணக்கு நேராகிவிடும். வாழ்க்கையில் நேராகாது. நடுவில் கட்டாத வாடகைக்காக வீட்டைக் காலி செய்திருப்பார். கல்லூரியிலிருந்து மகன் நின்றிருப்பான். இரண்டாண்டு கழித்து வரும் காசோலை அவற்றைத் திரும்பக் கொண்டுவராது. அமெரிக்காவில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 6,000க்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர்கள் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்று துறையின் அறிக்கைகளே சொல்கின்றன. அந்தச் சாவுகளுக்கு இழப்பீட்டுக் குறைப்புதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இத்தனை பேர் விளிம்பில் நிற்கும் கூட்டத்தை நோக்கி இப்படி ஒரு கடிதத்தை அனுப்பும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்பதையே சொல்கிறேன்.

எதிர்வாதமும் பதிலும்

எதிர்த் தரப்பிலும் நியாயம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நோய் தீர்ந்த பின்னும் இழப்பீடு தொடர்ந்தால், அது வரி கட்டுகிறவர்களின் பணம். தேவை அதிகம் உள்ள வேறொரு வீரருக்குப் போக வேண்டியது. குணமானால் வருமானம் போகும் என்ற நிலை, குணமாகும் விருப்பத்தையே கெடுத்துவிடும் என்று சில மனநல மருத்துவர்களும் கவலைப்படுகிறார்கள். முதல் வாதத்துக்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது: நிலைத்த முன்னேற்றத்தை அரசு நிரூபித்தால் குறைக்கலாம், யாரும் தடுக்கவில்லை. மோசடிக்கு இருபதாண்டுப் பாதுகாப்பும் பொருந்தாது.

இரண்டாவது வாதம் கனமானது. ஆனால், அது சுட்டுவது எதிர்த் திசையை. குணத்துக்குத் தண்டனை கிடைக்கும் என்ற அச்சத்தை உண்டாக்குவது இந்தக் குறைப்பு நடைமுறைதானே? சிகிச்சைக்குச் சென்ற ஒருவர், ‘இந்த வாரம் கொஞ்சம் தூங்கினேன்’ என்று தன் மருத்துவரிடம் மனம்விட்டுச் சொல்கிறார். அது சிகிச்சைக் குறிப்பில் ஏறுகிறது. அந்தக் குறிப்பு பின்னொரு நாள் குறைப்பு உத்தரவில் மேற்கோளாக வருகிறது. அதன்பிறகு அவர் மருத்துவரிடம் எதைச் சொல்வார்? சிகிச்சை அறை தேர்வு அறையாகிவிடுகிறது. மருந்தாலும் ஆலோசனையாலும் தாங்கிப்பிடிக்கப்பட்டிருக்கும் ஒரு மனம், ஊன்றுகோலோடு நிற்கும் கால் போன்றது. நிற்கிறதே என்று ஊன்றுகோலைப் பிடுங்கக் கூடாது.

2022 பிப்ரவரியில் துறை மனநோய் மதிப்பீட்டு முறையையே மாற்ற ஒரு வரைவை வெளியிட்டது. அறிகுறிப் பட்டியலைக் கைவிட்டு, சிந்தனை, உறவு, வேலையை முடிக்கும் திறன், வெளியே நடமாடுதல், தன்னைப் பேணிக்கொள்ளுதல் என்ற ஐந்து தளங்களில் ஒருவர் எப்படி இயங்குகிறார் என்று பார்க்கலாம் என்றது. 0 விழுக்காடு என்ற படியே இருக்காது என்றது. எண்ணம் நல்லது. மதிப்பீட்டு அட்டவணை மாறியதை மட்டும் காரணம் காட்டி ஒருவரின் பழைய விழுக்காட்டைக் குறைக்க முடியாது என்று நாடாளுமன்றச் சட்டமும் காவல் நிற்கிறது. ஆனால், அளவுகோல் எவ்வளவு சீரானாலும், முப்பது நிமிடச் சந்திப்பில் ஓர் அன்னியர் அதைப் பிடித்து அளக்கும்வரை பழைய குறை தொடரும்.

எனவே, என் தரப்பில் இரண்டு மாற்றங்களைக் கேட்கிறேன். மனநோய்க்கான குறைப்பு எதுவும், முதல் மேல்முறையீடு முடிந்து உத்தரவு வரும்வரை நடைமுறைக்கு வரக் கூடாது. வீரர் தோற்றாலும் இடைக்காலத்தில் வாங்கிய தொகையைக் கடனாக்கித் திரும்பக் கேட்கக் கூடாது. அரசு நிரூபிக்க வேண்டிய வழக்கில், நிரூபித்து முடிக்கும் முன்பே பணத்தை நிறுத்துவது எந்த நியாயத்திலும் சேராது. இரண்டாவது, வீரருக்குச் சிகிச்சை அளித்துவரும் மருத்துவரின் கருத்தைக் கேட்டுப் பெறாமல் எந்தக் குறைப்பும் உத்தேசிக்கப்படவே கூடாது. பலருக்கு அந்த மருத்துவர் துறையின் சொந்த மருத்துவமனையிலேயே இருக்கிறார். கேட்பதற்கு ஒரு மின்னஞ்சல் போதும்.

நம் நாட்டில் இந்தச் சிக்கலுக்கு வேறொரு முகம். இந்தியப் படைகளில் மறுமதிப்பீடு பற்றி 2001இல் பாதுகாப்பு அமைச்சகம் அனுப்பிய கடிதம் ஒரு நல்ல முடிவை அறிவித்தது. நிரந்தரக் குறைபாடு என்று தீர்மானித்துவிட்டால், வீரரே கேட்டால் ஒழிய, ஆயுள் முழுதும் அந்த விழுக்காடு மாறாது. நிரந்தரம் அல்லாதவற்றுக்கும் ஒரே ஒரு மறுமதிப்பீடுதான். அந்த வகையில் அமெரிக்க வீரரைவிட நம்மவருக்கு நிம்மதி அதிகம். ஆனால், அந்தக் கதவுக்குள் நுழைவதே இங்கே கடினம். 20 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பொதுவாக ஊன ஓய்வூதியம் கிடையாது. மனநோய் என்றால், ‘படைப்பணியால் வந்ததும் அல்ல, படைப்பணியால் கூடியதும் அல்ல’ என்று மருத்துவ வாரியம் எழுதிவிடும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. பனிமலையிலும் எல்லைக்கோட்டிலும் ஆண்டுக்கணக்கில் நின்றவருக்கு அந்த ஒற்றை வரிதான் பதில்.

2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு தடை போட்டது. படையில் சேரும்போது நோய்க் குறிப்பு எதுவும் இல்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையோடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். நோய் பணியால் வந்தது என்று காட்டும் சுமை வீரருடையது அல்ல. ஐயத்தின் பலன் அவருக்கே. மருத்துவ வாரியம் காரணம் எழுத வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. 2019இல் மனச்சிதைவு நோயாளியான வீரர் ஒருவரின் வழக்கில், சேரும்போதைய பரிசோதனையில் அந்நோயைக் கண்டுபிடிக்க முடியாது என்று கூறி அதே நீதிமன்றம் ஓய்வூதியத்தை மறுத்தது. 2025இல் மனச்சிதைவுக்காக வெளியேற்றப்பட்ட இன்னொருவரின் வழக்கில், காரணம் சொல்லாத மருத்துவ வாரியக் கருத்து செல்லாது என்று வீரரின் பக்கம் நின்றது. 2023இல் வந்த புதிய தகுதி விதிகள் இனி எப்படிக் கையாளப்படும் என்பதை இந்த மூன்று தீர்ப்புகளின் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். தரம்வீர் சிங் தீர்ப்பின் வழியே நியாயமானது.

வேலூரிலும் திருநெல்வேலியிலும் தேனியிலும் படைக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் ஏராளம். அவற்றில் சிலவற்றில், திரும்பி வந்த ஒருவர் யாரிடமும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். ‘குடியால் வந்தது’ என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. அந்த வீட்டாரிடம் சொல்ல வேண்டியது இதுதான்: மருத்துவ வாரிய அறிக்கையின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். அதில் காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். துறைக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். அதுவும் தோற்றால், இறுதி உத்தரவிலிருந்து ஆறு மாதத்துக்குள் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். தாமதமாகிவிட்டால் தக்க காரணத்தைச் சொல்லி அனுமதி கேட்கலாம். அவர் சார்பில் கையெழுத்து வாங்கவும், தேதியைக் குறித்துவைக்கவும், வாசல்படி ஏறவும் குடும்பத்தில் ஒருவர் முன்வர வேண்டும். நோயுற்றவரால் அதைத் தனியாகச் செய்ய முடியாது.